வீடும் வழியும்

‘ஆறு’ என்னும் சொல் தமிழில் நீர் ஓடும் ஆற்றைக் குறிக்கும். மக்கள் செல்லும் வழியையும் குறிக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோரின் கருத்து எண்ணி மகிழத்தக்கது. மழைநீர் ஓடைகளில் இறங்குகிறது. ஓடைகள் கூடிச் சிற்றாறு ஆகின்றன. சிற்றாறுகள் கூடிப் பேராறு ஆகின்றன. அவ்வாறே வீட்டு வாயிலிலிருந்து புறப்படுவோர் சந்தினைக் கடந்து தெருவை அடைகின்றனர். தெருக்கள் சாலையில் கலக்கின்றன. சாலைகள் பெருஞ்சாலையைச் சேர்கின்றன. கொள்ளளவுக்கு மேல் வெள்ளம் வந்தால் ஆற்றின் கரை உடைகிறது. கொள்ளளவுக்கு மேல் வண்டிகள் வந்தால் சாலையில் என்ன நிகழ்கிறது? வண்டிகள் நகராமல் நிற்கின்றன. வேலைக்குச் செல்வோர் காலம் வீணாகிறது. நோயாளியை ஏற்றிய வண்டி வழியின்றித் தவிக்கிறது. நடந்து செல்வோர் ஒதுங்க இடமின்றி இடருறுகின்றனர்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நாடறிந்த பழமொழி. புதிய குடியிருப்புகள் எழுமுன் அவற்றுக்குரிய வழியை வகுக்க வேண்டும் என்பதும் அத்தகையதோர் உண்மையே. சாலையை அகலப்படுத்தும் திட்டம் எவ்வாறு உருவாகிறது, அதனால் வரும் நன்மை யாது, அதற்குரிய விலையைக் கொடுப்பவர் யாவர் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

வழியை முன் வகுத்த நகர்கள்

சென்னை மாநகரின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. 1920ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன் பின்னர், மாம்பலத்தில் பரந்து கிடந்த ஏரியின் நிலத்தில் தியாகராய நகர் அமைக்கப்பட்டது. நடுவே பூங்காவும், அதிலிருந்து பிரியும் அகன்ற சாலைகளும் முதலில் வகுக்கப்பெற்றன. வீடுகள் பின்னர் எழுந்தன. ஓர் ஏரியை இழந்து பெற்ற நகர் அது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

1961ஆம் ஆண்டில் வீட்டு வசதி வாரியம் அமைந்தது. 1968ஆம் ஆண்டில் நகரின் மேற்குப் புறத்தில் உலக வணிகப் பொருட்காட்சி நடைபெற்றது. அந்நிலப்பகுதியில் அண்ணா நகர் உருவாயிற்று. அங்கும் நேரான அகன்ற சாலைகளும், அவற்றை ஒட்டிய தெருக்களும், பூங்காக்களும் திட்டப் படத்தில் முன்னரே இடம்பெற்றன. அங்கே மனை வாங்கி வீடு கட்டியவர், தம் வாயிலின் முன் செல்லும் சாலையின் அகலத்தை அடித்தளம் தோண்டுமுன்பே அறிந்திருந்தனர். ஆதலின் அச்சாலைகளுக்காகப் பின்னர் எவருடைய வீட்டையும் இடிக்க வேண்டிய நிலை பெரிதும் எழவில்லை.

வீடு முந்தி வழி பிந்திய கதை

இதற்கு மாறான ஒரு வரலாற்றையும் அதே மாநகரில் காணலாம். அடையாற்றின் தென்புறத்தில் மத்திய கைலாசம் என்னுமிடத்திலிருந்து தெற்கு நோக்கி மாமல்லபுரம் வரை ஒரு பழைய சாலை செல்கிறது. பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர் முதலிய ஊர்கள் அதன் மேல் அமைந்தவை. கிழக்கே பக்கிங்காம் கால்வாயும், மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அப்பகுதிக்கு எல்லைகளாக உள்ளன. இவ்விரு நீர்நிலைகளுக்கும் இடையே வயல்களும் தோப்புகளும் சிற்றூர்களும் இருந்த காலத்தில், அவ்வூர்களின் தேவைக்கு அந்தக் குறுகிய சாலை போதுமானதாக இருந்தது.

2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா என்னும் பெருங்கட்டடம் திறக்கப்பட்டது. கணினித் தொழில் நிறுவனங்கள் அங்கே இடம் கொண்டன. அதனைத் தொடர்ந்து அச்சாலையின் இருமருங்கிலும் தொழில் நிலையங்கள் பெருகின. தெற்கே சிறுசேரியில் பெரியதொரு தொழிற்பூங்கா அமைந்தது. வேலை இருக்கும் இடத்தை நாடி மக்கள் வந்தனர். மக்கள் வரவே, வயல்கள் மனைகளாயின. மனைகளில் அடுக்கு மாடிகள் எழுந்தன.

சாலையை அகலப்படுத்தாமல் இயலாது என்ற நிலை வந்தது. மத்திய கைலாசம் முதல் சிறுசேரி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு ஆறு தடங்கள் கொண்ட பெருஞ்சாலையாக மாற்றப்பட்டது. 2008ஆம் ஆண்டில் அப்பணி நிறைவேறி, அச்சாலை இராஜீவ் காந்தி சாலை என்று பெயர் பெற்றது. அகன்ற அச்சாலையில் வண்டிகள் விரைந்து சென்றன. ஆயினும் அவ்விரைவு நெடுங்காலம் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் காலையிலும் மாலையிலும் நெரிசல் மீண்டும் தோன்றியது. காரணம் யாது?

மீன் முள்ளைப் பாருங்கள். நடுவே ஒரே தண்டு. இருபுறமும் சிறு முட்கள். ஒரு முள்ளின் நுனியிலிருந்து அடுத்த முள்ளின் நுனிக்குச் செல்ல வேண்டுமானால் நடுத்தண்டுக்கு வந்தே செல்ல வேண்டும். அச்சாலையும் அதைச் சார்ந்த தெருக்களும் இவ்வாறே அமைந்துவிட்டன. ஒவ்வொரு மனைப்பிரிவும் தனக்கென ஒரு தெருவைப் பெருஞ்சாலைக்கு இட்டுக்கொண்டது. அத்தெருக்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேறு சாலைகள் போதிய அளவு அமையவில்லை. கால்வாயைக் கடந்து கடற்கரைச் சாலையை அடையும் பாலங்களும் சிலவே. எனவே அண்டைத் தெருவிலுள்ள கடைக்குச் செல்பவரும், 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலுவலகத்துக்குச் செல்பவரும் ஒரே சாலையில் கூடினர்.

மற்றொரு காரணமும் உண்டு. வீடுகள் எழுந்த விரைவில் குடிநீர்க் குழாய்களும் கழிவுநீர்க் குழாய்களும் வந்து சேரவில்லை. குழாயில் வரவேண்டிய நீர் லாரியில் வந்தது. குழாயில் போகவேண்டிய கழிவுநீரும் லாரியில் போயிற்று. மண்ணுக்குள் செல்ல வேண்டியவை மண்ணின் மேல் சென்றால் சாலை எவ்வளவு அகன்றிருந்தும் பயன் யாது? அவ்வூர்களுட் பல 2011ஆம் ஆண்டில்தான் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன. அதுவரை அவை தனித்தனிப் பேரூராட்சிகளாகவும் சிற்றூராட்சிகளாகவும் இருந்தன. ஊராட்சிகள் பலவாக இருந்தன. சாலை ஒன்றாக இருந்தது.

சாலையை அளக்கும் முறை

ஒரு சாலையை எவ்வளவு அகலப்படுத்த வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் கூறுதல் இயலாது. அதற்கு எண்ணிக்கை வேண்டும். சாலை ஓரத்தில் கணக்கெடுப்போர் அமர்ந்தோ, கருவிகளை அமைத்தோ, ஒவ்வொரு மணி நேரத்திலும் செல்லும் வண்டிகளை வகை வகையாக எண்ணுகின்றனர். மிதிவண்டியும் பேருந்தும் ஒரே அளவு இடத்தை அடைப்பன அல்ல. ஆதலின் ஒரு காரை ஓர் அலகாகக் கொண்டு மற்றவற்றை அளப்பது பொறியாளர் மரபு. 1934ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்னும் பொறியாளர் அமைப்பு இவ்வளவுகளை வகுத்துள்ளது. நாட்டுப்புறச் சாலைகளுக்கு அது கூறும் கணக்கில் பேருந்துக்கும் சரக்கு லாரிக்கும் 3 அலகு. இருசக்கர மோட்டார் வண்டிக்கும் மிதிவண்டிக்கும் அரை அலகு. மெல்ல ஊரும் பெரிய மாட்டு வண்டிக்கு 8 அலகு. நகரச் சாலைகளில் இவ்வளவுகள் சிறிது மாறும். எனினும் நம் கணக்குக்கு இவை போதும்.

இரு தடங்கள் உடைய ஒரு நகரப் பெருஞ்சாலையில், இருதிசையும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் 1500 அலகு வரை இடரின்றிச் செல்லலாம் என்று அவ்வமைப்பு 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நூல் கூறுகிறது. ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. சாலை ஓரத்தில் வண்டிகள் நிற்கக்கூடாது. கடைவாயில்கள் நேரே சாலையில் திறக்கக்கூடாது. குறுக்கே செல்லும் போக்குவரத்து மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஓரத்தில் வண்டிகள் நின்று, குறுக்குப் போக்குவரத்தும் மிகுந்தால், அதே அகலமுள்ள சாலைக்கு 900 அலகே உரிய அளவாகக் கொள்ளப்படும். ஒழுங்கின்மையால் மட்டும் ஒரு சாலை தன் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கை இழக்கிறது. ஆகவே, சாலையை இடித்து அகலப்படுத்துமுன் இருக்கும் சாலையை ஒழுங்காகப் பயன்படுத்துகிறோமா என்று வினவுதல் முதற் கடமையாகும்.

ஒரு சிறு கணக்கு

இனி, புதிய குடியிருப்பு ஒன்று வருவதாக எண்ணிக் கணக்கிடுவோம். மேலே கூறிய இரு தடச் சாலையில் காலை நெரிசல் வேளையில் இப்போதே 900 அலகு செல்வதாகக் கொள்வோம். அச்சாலையின் அருகே 2000 வீடுகள் எழுகின்றன. அவ்வேளையில் வீட்டுக்கு ஒருவராக 2000 பேர் வெளியே செல்கின்றனர். அவர்களுள் 600 பேர் ஆளுக்கொரு காரிலும், 900 பேர் ஆளுக்கொரு இருசக்கர வண்டியிலும், 500 பேர் பேருந்திலும் செல்வதாகக் கொள்வோம். பேருந்துக்கு 50 பேர் என்றால் 10 பேருந்துகள் வேண்டும்.

கார்களுக்கு 600 அலகு; இருசக்கர வண்டிகளுக்கு 450 அலகு; பேருந்துகளுக்கு 30 அலகு. ஆக, புதிதாகச் சேர்வது 1080 அலகு. முன்னர் இருந்த 900 அலகையும் கூட்டினால் 1980 அலகு ஆகிறது. சாலைக்கு உரிய அளவோ 1500. எனவே சாலையை அகலப்படுத்தியே தீர வேண்டும் என்று தோன்றும்.

அதே 2000 பேரை வேறு வகையில் பிரித்துப் பார்ப்போம். காரில் செல்வோரில் பாதிப்பேரும், இருசக்கர வண்டியில் செல்வோரில் பாதிப்பேரும் பேருந்துக்கு மாறுகின்றனர். இப்போது கார்கள் 300. அவற்றுக்கு 300 அலகு. இருசக்கர வண்டிகள் 450. அவற்றுக்கு 225 அலகு. பேருந்தில் 1250 பேர், அவர்களுக்கு 25 பேருந்துகள், 75 அலகு. ஆகப் புதிய சுமை 600 அலகு மட்டுமே. முன்னர் இருந்த 900 அலகுடன் சேர்ந்து சரியாக 1500 அலகு ஆகிறது. மக்கள் எண்ணிக்கை மாறவில்லை, வீடுகள் குறையவில்லை, சாலையும் அகலவில்லை. ஆயினும் சுமை சாலையின் அளவுக்குள் அடங்கிவிட்டது!

இதனால் சாலைகளை அகலப்படுத்தவே வேண்டா என்று முடிவு செய்தல் பொருந்தாது. மேற்கூறிய சாலை தன் அளவின் விளிம்பை எட்டிவிட்டது. இன்னும் ஒரு குடியிருப்பு வந்தால் அது தாங்காது. மேலும், 1250 பேர் பேருந்தில் ஏற வேண்டுமானால் பேருந்து காலம் தவறாமல் வர வேண்டும். நிறுத்தம் வீட்டுக்கு அண்மையில் இருக்க வேண்டும். அங்குச் செல்லும் நடைபாதை நன்றாக இருக்க வேண்டும். இவையும் சாலைத் திட்டத்தின் உறுப்புகளே. சாலையில் எத்தனை வண்டிகள் செல்கின்றன என்பதை மட்டும் எண்ணாமல், எத்தனை மனிதர் செல்கின்றனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும் என்பதே இக்கணக்கு உணர்த்தும் உண்மை.

பிற நாட்டினரும் இப்படிப்பினையைப் பெற்றுள்ளனர். அமெரிக்க நாட்டில் நகரங்களினூடே மிக அகன்ற விரைவுச் சாலைகள் அமைக்கப்பட்டன. அவை திறந்த சிறிது காலத்திலேயே நெரிசல் வேளையில் நிரம்பிவிட்டதை ஆராய்ந்த அந்தோனி டவுன்ஸ் என்னும் பொருளியல் அறிஞர், 1962ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். சாலை அகன்றதும், முன்னர் வேறு வழியிலும் வேறு நேரத்திலும் பேருந்திலும் சென்றவர்கள் அச்சாலைக்கு மாறுகின்றனர். அதனால் சாலை மீண்டும் நிரம்புகிறது என்று அவர் காட்டினார். அகலம் மட்டும் நெரிசலைத் தீர்க்காது என்பது அன்று முதல் நகரமைப்பாளர் நினைவிற் கொள்ளும் உண்மையாயிற்று.

அகலம் எங்கே செல்கிறது?

ஒரு தடத்துக்கு வேண்டிய அகலம் ஏறத்தாழ 3.5 மீட்டர். ஆறு தடங்களுக்கு 21 மீட்டர் போதும். ஆயினும் நகரத்தின் தலைமைச் சாலைக்கு 50 முதல் 60 மீட்டர் வரை நிலம் ஒதுக்க வேண்டும் என்று பொறியாளர் கூறுகின்றனர். எஞ்சிய நிலம் எதற்கு?

முதலாவது, நடப்போருக்கு. இருபுறமும் தடையற்ற நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். இரண்டாவது, நீருக்கு. மழைநீர் வடிகால் இல்லாத சாலை முதல் மழையிலேயே ஓடையாகிவிடும். மூன்றாவது, பேருந்துகள் ஒதுங்கி நிற்பதற்கு. நான்காவது, ஊருக்குள்ளேயே செல்வோர்க்கான பக்கச் சாலைக்கு. ஐந்தாவது, மரங்களுக்கு. மண்ணுக்குள் செல்லும் குடிநீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் இடம் வேண்டும். இல்லையேல் இன்று போட்ட சாலையை நாளை வெட்ட நேரும்.

சாலைச் சந்திப்புகளையும் கருத வேண்டும். குடத்தின் வயிறு எவ்வளவு பெரிதாயினும் நீர் வெளிவரும் அளவை அதன் வாயே முடிவு செய்கிறது. இரு சந்திப்புகளுக்கு இடையே ஆறு தடங்கள் இருந்தும், சந்திப்பில் வண்டிகள் திரும்ப வழியில்லையாயின் அகலப்படுத்திய பயன் முழுதும் கிட்டாது.

நீரின் வழியை மறித்துச் சாலை போடுதல் பெருந்தவறு. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் சாலை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஊடறுத்துச் செல்கிறது. தென் சென்னையின் பல ஏரிகளிலிருந்து வடியும் நீரை ஏற்கும் இடம் அச்சதுப்பு நிலம். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் பெருமழை பெய்தபோது, அப்பகுதியில் புதிதாக எழுந்த குடியிருப்புகளுட் பல நீரில் சிக்கின. மக்களைப் படகில் ஏற்றி மீட்க நேர்ந்தது. 2022ஆம் ஆண்டில் பள்ளிக்கரணை, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈர நிலமாக ஏற்கப்பட்டது. மனிதர் செல்லும் ஆற்றை வகுப்பவர் நீர் செல்லும் ஆற்றையும் காத்தல் வேண்டும்.

விலை கொடுப்பவர் யாவர்?

இதுகாறும் எண்களைக் கண்டோம். எண்களுக்குள் அடங்காத ஒன்றை இனிக் காண்போம். பழைய ஊர் ஒன்றின் நடுவே 12 மீட்டர் அகலமுள்ள சாலை செல்கிறது என்று கொள்வோம். அதனை 24 மீட்டராக ஆக்க வேண்டுமானால் இருபுறமும் 6 மீட்டர் நிலம் எடுக்க வேண்டும். திட்டப் படத்தில் அது ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குள் ஒருவருடைய வீட்டுத் திண்ணை இருக்கிறது. மற்றொருவர் முப்பது ஆண்டுகள் நடத்திய தேநீர்க் கடை இருக்கிறது. பாட்டனார் நட்ட புளிய மரமும், ஊரார் கூடும் அரசமரத்து மேடையும் இருக்கின்றன.

இவர்களுள் எவரும் புதிய குடியிருப்பைக் கட்டியவர் அல்லர். அதில் குடியேறியவரும் அல்லர். பிறர் அடைந்த வசதிக்காக இவர்கள் தம் வாயிலை இழக்கின்றனர். நாட்டின் பொது நன்மைக்காகத் தனிமனிதர் சிறிது இழக்க நேர்வது உண்மையே. ஆயினும் அவ்விழப்பு நேர்மையாக ஈடுசெய்யப்பட வேண்டும். 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே நெடுங்காலம் நிலம் எடுக்கப்பட்டது. அதற்கு மாற்றாக 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், கணக்கிட்ட இழப்பீட்டுக்கு நிகரான மற்றொரு தொகையையும் ஆறுதலாகச் சேர்த்து வழங்க வகை செய்கிறது. நிலம் இல்லாதவராயினும் அந்நிலத்தை நம்பிப் பிழைத்தோரையும் கருதுகிறது. தேநீர்க் கடைக்காரருக்குத் தொகை கிடைக்கலாம். அவருடைய வாடிக்கையாளர் கிடைப்பரா? இதை எண்ணிப் பார்த்து, அண்மையில் மாற்றிடம் அளித்தல் நல்லரசின் கடமையாகும்.

வேறொரு விலையும் உண்டு. சாலை அகன்ற பின்னர் ஊரின் ஒரு பாதி இப்புறமும் மறுபாதி அப்புறமும் ஆகின்றன. முன்பு பத்து அடி வைத்துப் பள்ளிக்குச் சென்ற சிறுமி இப்போது ஆறு தடங்களைக் கடக்க வேண்டும். வண்டியில் செல்பவருக்குச் சில நிமிடங்கள் மிச்சமாகின்றன. அச்சிறுமிக்கோ ஒவ்வொரு நாளும் இருமுறை ஆபத்து நேர்கிறது. அவள் கடக்கும் இடத்தில் விளக்குக் கம்பமும், நடுவே நின்று செல்லத் திட்டும், வண்டிகள் விரைவு குறைக்கும் ஏற்பாடும் வேண்டும். இவை மிஞ்சிய பணத்தில் செய்யும் அணிகலன்கள் அல்ல; திட்டத்தின் முதற்பக்கத்திலேயே எழுத வேண்டியவை.

முன்னரே வரையும் கோடு

இத்துன்பங்களுட் பெரும்பாலானவற்றைத் தவிர்க்க வழி உண்டா? உண்டு. வயலாக இருக்கும்போதே எதிர்காலச் சாலையின் எல்லையை வரைந்துவிட வேண்டும். 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. அச்சட்டத்தின் வழியே சென்னைப் பெருநகருக்கு முதல் முழுமைத் திட்டம் 1976ஆம் ஆண்டிலும், இரண்டாம் முழுமைத் திட்டம் 2008ஆம் ஆண்டிலும் ஒப்புதல் பெற்றன. இரண்டாம் திட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில்தான் இராஜீவ் காந்தி சாலையும் திறக்கப்பட்டது என்பது நினைக்கத்தக்கது. அதற்குள் அச்சாலையின் ஓரங்களில் கட்டடங்கள் பல எழுந்துவிட்டன.

எல்லைக் கோட்டை முன்னரே வரைந்தால் கட்டடங்கள் அக்கோட்டுக்குப் பின்னே எழும். இன்றே சாலையை அகலப்படுத்த வேண்டும் என்பதில்லை. இடத்தைக் காத்தால் போதும். மனைப்பிரிவு செய்வோர் தம் தெருக்களை அண்டை மனைப்பிரிவின் தெருக்களோடு இணைக்க வேண்டும். நீரும் வடிகாலும் பேருந்தும் வந்த பின்னரே குடியேற்றம் நிகழ வேண்டும். பெருஞ்சாலை ஒன்றை ஆறு தடமாக்குவதினும், ஒன்றோடொன்று இணைந்த நடுத்தரச் சாலைகள் மூன்று இருப்பது பலவிடத்தும் சிறந்தது.

இருப்புப்பாதையையும் மறத்தல் கூடாது. சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்படும் பறக்கும் இரயில் 2007ஆம் ஆண்டில் வேளச்சேரியை எட்டியது. பின்னர், மாதவரம் முதல் சிறுசேரி வரையிலான மெட்ரோ இரயில் வழிக்காக, அகலப்படுத்திய இராஜீவ் காந்தி சாலையிலேயே தூண்கள் எழுப்பும் வேலை தொடங்கிற்று. சாலையை வகுத்த காலத்திலேயே இரயிலுக்கும் இடம் வகுத்திருந்தால் ஒரே சாலையில் இருமுறை பணி செய்யும் தொல்லை குறைந்திருக்கும் அன்றோ?

அகன்ற சாலைகளோடு பிறந்த தியாகராய நகரிலேயே 2019ஆம் ஆண்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. கடைவீதியான பாண்டி பஜாரில் வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்து நடைபாதையை அகலப்படுத்தினர். அதுவும் ஒரு சாலை விரிவே. ஆனால் விரிந்தது வண்டிக்கன்று, மனிதருக்கு.

முடிவுரை

பழைய நாளில் நம் நாட்டுச் சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்டிருந்தனர். தலைச்சுமையோடு நடந்து வருபவர், பிறர் உதவியின்றிச் சுமையை அக்கல்லின் மேல் இறக்கி இளைப்பாறுவர். அக்கல்லை நட்டவர், வண்டியில் செல்வோரை மட்டும் எண்ணிச் சாலை போடவில்லை. சுமையோடு நடப்பவரை எண்ணிப் போட்டார். காலம் மாறியது, வண்டிகள் மாறின, அவ்வெண்ணம் மாறலாகாது.

இன்று மாணவராக இருக்கும் நீங்கள் நாளை பொறியாளராகலாம், ஊராட்சி உறுப்பினராகலாம், ஒரு புதிய வீட்டுக்கு உரியவராகவும் ஆகலாம். வீடு வாங்கும்போது எத்தனை அறைகள் என்று மட்டும் கேளாதீர்கள். அவ்வீட்டுக்குச் செல்லும் வழி யாது, அவ்வழி யாருடைய வாயிலைக் கடக்கிறது, மழைநீர் எவ்வழியே போகும், பேருந்து எங்கே நிற்கும் என்றும் கேளுங்கள். கேட்பார் இருந்தால் வகுப்பாரும் இருப்பர். வீட்டுக்கு முன் வழியை வகுத்த ஊர் பிறர் வாயிலை இடிக்காமல் வளரும்.

பயிற்சி

1. ‘ஆறு’ என்னும் சொல்லின் இரு பொருள்களையும் கூறி, அவற்றின் ஒப்புமையை விளக்குக.
2. அண்ணா நகர் அமைந்த முறைக்கும் பழைய மாமல்லபுரச் சாலைப் பகுதி வளர்ந்த முறைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. பாடத்தில் வரும் 2000 வீடுகளின் கணக்கில், கார்களில் செல்வோர் மட்டும் பாதிப்பேர் பேருந்துக்கு மாறினால் சாலையின் சுமை எத்தனை அலகு ஆகும்?
4. சாலை விரிவினால் இழப்பெய்துவோர் யாவர்? அவர்களுக்குச் செய்யத்தக்கவை யாவை?
5. உங்கள் பள்ளிக்கு முன் செல்லும் சாலையில் காலை ஒரு மணி நேரம் செல்லும் வண்டிகளை வகைப்படுத்தி எண்ணி, கார் அலகில் கணக்கிட்டு ஒரு கட்டுரை வரைக.